சதுரங்கமும் சமத்துவமும்

சதுரங்கப் பலகையின் முன் அனைவரும் சமம் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. 64 கட்டங்கள், பக்கத்துக்கு 16 காய்கள், இரு தரப்புக்கும் ஒரே விதி. ஆடுபவன் எந்தச் சாதி, எந்த ஊர், அவன் தகப்பன் என்ன வேலை செய்தான் என்று பலகை கேட்பதில்லை. அறிவு உடையவன் வெல்கிறான். அறிவு குறைந்தவன் தோற்கிறான். இதைவிடத் தூய நீதி உலகில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு.

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பாதையில் கொடகவெல இருக்கிறது. சுற்றுப்புறமெங்கும் தேயிலையும் இறப்பரும். அப்பகுதித் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரோடு அண்மையில் உரையாடிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. "கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும், மட்டை வேண்டும், சப்பாத்து வேண்டும். சதுரங்கத்துக்கு மூளை ஒன்று போதும். லயத்துப் பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டு இதுதான்" என்றார் ஒருவர். "பரீட்சையும் அப்படித்தான், வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றே" என்று மற்றொருவர் சேர்த்துக்கொண்டார். நல்லெண்ணத்தில் எழுந்த சொற்கள் இவை. ஆயினும், நல்லெண்ணத்தில் எழும் சொற்களைத்தான் நாம் இன்னும் கவனமாக ஆராய வேண்டும். விதி ஒன்றாயிருப்பதனாலேயே ஆட்டம் நீதியானதாகிவிடுமா? இதுவே நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

வெறும் தர்க்கத்தால் இதற்கு விடை காண முடியாது. நடந்த ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1931இன் முதல் நாட்களில் முடிவுற்ற சதுரங்கப் போட்டி அது. கருப்புக் காய்களோடு அமர்ந்தவர் கியூபா நாட்டின் ஹோசே ரவுல் கபாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். அதற்கு முன்னர், 1916 முதல் 1924 வரை, எட்டு ஆண்டுகள் ஒரு போட்டி ஆட்டத்திலும் தோல்வி அறியாதவர். வெள்ளைக் காய்களோடு அமர்ந்தவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபின் மிதா திவானா என்னும் ஊரில் பிறந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரு நிலக்கிழாரின் பரிவாரத்தில் ஒருவராக 1929இல் லண்டன் வந்து சேர்ந்தவர். வந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றவர். 1932இலும் 1933இலும் அதே பட்டத்தை மீண்டும் வென்றார்.

அவர் சிறுவயதில் கற்ற சதுரங்கம் வேறு. நம் துணைக்கண்டத்தின் பெரும்பாலான பகுதிகளில் அன்று வழங்கிய முறைப்படி, சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டந்தான் போகும். ஐரோப்பிய முறையில் போல இரண்டு கட்டம் தாவாது. ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுசேர்க்கும் முறையும் வேறு. ஐரோப்பிய விதிகளை அவர் பழகத் தொடங்கியது லண்டனுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான். அந்த ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைப் பற்றி ஐரோப்பியர் நூறாண்டுக்கு மேலாக எழுதிக் குவித்திருந்த நூல்கள் எதுவும் அவர் கைக்கு எட்டாதவை. ஆதலால் தொடக்கத்தில் அவர் தடுமாறுவார் என்பது அக்காலத்தவர் ஒருமித்த கருத்து. நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அவரை அசைப்பது கடினம் என்பதும் அதே அளவுக்கு ஒருமித்த கருத்து.

தொடக்க ஆட்டம் என்பது என்ன? சதுரங்கம் அறியாத வாசகருக்காக ஒரு சொல். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளில் காய்களை எங்கே நிறுத்துவது என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் பலகை முன் அமர்ந்து கண்டுபிடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடியும் தோற்றும் ஆராய்ந்தும் பதிந்து வைத்த முடிவுகளை அவர் முன்பே படித்து வருகிறார். அது சேமித்து வைக்கப்பட்ட உழைப்பு. பொருளாதார மொழியில் சொன்னால், அது மூலதனம். நூலும் ஓய்வும் குருவும் உடையவன் அதற்கு வாரிசாகிறான். இல்லாதவன் பிறர் ஒரு நொடியில் நினைவிலிருந்து எடுத்து வைக்கும் நகர்வை அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு தேடுகிறான். கடிகாரமோ இருவருக்கும் ஒன்றே ஓடுகிறது. விதியின் சமத்துவம் வேறு, தொடக்கத்தின் சமத்துவம் வேறு என்பது இங்கே புலப்படுகிறதன்றோ?

ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தில் கபாபிளாங்கா தேர்ந்த தொடக்கத்துக்கு ராணியின் இந்தியத் தற்காப்பு என்று பெயர். குதிரையை முன்னே வைத்து, ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் மட்டும் தள்ளி, அந்த இடைவெளியில் மந்திரியை நிறுத்திக் குறுக்குக் கோட்டில் தூரத்திலிருந்தே நடுப்பகுதியைக் கண்காணிக்கும் முறை அது. இந்தியரோடு ஆடுகையில் கியூபர் கையில் எடுத்தது இந்தியப் பெயர் கொண்ட ஆட்டம்! இந்தப் பெயர் வந்த கதையை அறிந்தால் நம் கேள்வி இன்னும் ஆழமாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் கொக்ரேன் என்ற ஸ்காத்லாந்து வழக்கறிஞர் இருந்தார், சதுரங்கத்தில் வல்லவர். அவரோடு ஆண்டுக்கணக்கில் ஆடியவர் மகேஸ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி. சிப்பாயை ஒரு கட்டமே நகர்த்திப் பழகிய இந்தியக் கையோடு, மந்திரிகளை ஓரத்திலிருந்து வெளிக்கொணரும் முறையை அவர் ஐரோப்பிய ஆட்டத்திலும் ஆடினார். அந்த ஆட்டங்கள் பதிவாகி லண்டன் ஏடுகளுக்குச் சென்றன. இந்தியத் தற்காப்பு என்ற பெயர் அதன் பின்னர் வழங்கலாயிற்று. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவின் புதிய தலைமுறை அதை நாகரிகமாக்கியது.

பெயர் சூட்டிய முறையைச் சற்று நோக்குங்கள். 1848இல் அதே பானர்ஜியோடு ஆடுகையில் குதிரையைப் பலிகொடுத்துக் கொக்ரேன் தொடுத்த தாக்குதல் இன்றும் கொக்ரேன் பலியாட்டம் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பானர்ஜி ஆடியதோ இந்தியரின் ஆட்டம். ஒருவருக்குச் சொந்தப் பெயர், மற்றவருக்கு இனப்பெயர். 1855இல் பானர்ஜி கொக்ரேனுக்கு எதிராக ஆடிய மற்றொரு தற்காப்பு, 1922இல் எர்னஸ்ட் குரூன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியர் ஆடிய பிறகு குரூன்ஃபெல்ட் தற்காப்பு ஆயிற்று. இதில் எவரையும் திருடர் என்று குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. எழுதுபவன் கையில் பெயர் இருக்கிறது. ஏடு நடத்துபவன் ஊரில் புகழ் பிறக்கிறது. அவ்வளவுதான். லூல்கந்துறையில் 1867இல் தேயிலையை நிலைநிறுத்திய ஜேம்ஸ் டெயிலரின் பெயர் பாடநூலில் இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் பாடநூலில் கூலிகள் என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டார்கள். உற்பத்தி செய்தவன் பொதுப்பெயருக்குள் மறைவதும், உடைமையாளன் சிறப்புப்பெயரோடு நிற்பதும் சதுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

ஆட்டத்துக்கு வருவோம். ஐந்தாம் நகர்வில் சுல்தான் கான் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நகர்வு. இந்தியப் பழக்கத்தின் மிச்சம், தொடக்கம் அறியாதவனின் தயக்கம் என்று அதைச் சிலர் எண்ணியிருக்கலாம். எதிரியின் மந்திரி வந்து அமரக்கூடிய கட்டத்தை முன்கூட்டியே அடைத்து, நடுப்பகுதியைக் கைப்பற்ற வழிசெய்யும் ஆழ்ந்த நகர்வு அது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியனாயிருந்த திக்ரான் பெத்ரோசியன் அதை விரும்பி ஆடினார். 1980களில் காஸ்பரோவ் அதைப் பெரும் ஆயுதமாக்கினார். இன்று அந்த வரிசையைப் பெத்ரோசியன் முறை என்றே நூல்கள் குறிக்கின்றன.

21ஆம் நகர்வில் கபாபிளாங்கா தமது இரு கோட்டைகளையும் கொடுத்து எதிரியின் ராணியைக் கைப்பற்றினார். பலகையில் மிக வலிய காய் அவரிடம். சுல்தான் கானிடமோ ஒன்றையொன்று காக்கும் இரு கோட்டைகள். அதன் பின் நடந்தது பார்வையாளரைப் பரவசப்படுத்தும் ஆட்டமன்று. நெடுநேரம் எதுவும் நடவாதது போலவே தோன்றும். கருப்பு ராணி ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் உலவிக்கொண்டிருக்க, வெள்ளைக் காய்கள் அவசரமின்றி இடம் மாறின. ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்று 30ஆம் நகர்வில் நான்காம் வரிசைக்கும், 45ஆம் நகர்வில் ஐந்தாம் வரிசைக்கும், 63ஆம் நகர்வில் ஆறாம் வரிசைக்கும் சென்றது. 65ஆம் நகர்வில் கபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். போட்டியில் ஹாலந்தின் யூவ முதலாவதாகவும் கபாபிளாங்கா இரண்டாவதாகவும் சுல்தான் கான் மூன்றாவதாகவும் வந்தனர். அந்தக் கியூபர் பின்னர் இவரது மேதைமையை மனந்திறந்து பாராட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் ஓர் அபாயம் நமக்காகக் காத்திருக்கிறது. "பார்த்தீர்களா? நூல் இல்லை, குரு இல்லை, ஆங்கிலம் இல்லை, ஆனாலும் வென்றான். திறமை இருந்தால் எந்தத் தடையும் தடையாகாது" என்று ஒரு குரல் உடனே எழும். இந்தக் குரல் பாராட்டுப் போலத் தோன்றும்; உண்மையில் அது கணக்கை முடித்துவிடும் தந்திரம். ஒருவன் கடந்துவிட்டான் என்பதைக் காட்டி, கடக்க முடியாத ஆயிரம் பேரின் தோல்வியை அவர்கள் தலையிலேயே அது சுமத்துகிறது. ஒருவன் நீந்திக் கரையேறிவிட்டான் என்பதற்காக ஆற்றுக்குப் பாலம் வேண்டாம் என்று எவரேனும் சொல்வாரா?

வென்ற பின் சுல்தான் கானுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் அந்தக் குரலின் வெறுமை விளங்கும். 1930இல் ஹம்பர்க்கிலும் 1931இல் பிராகாவிலும் 1933இல் ஃபோக்ஸ்டனிலும் நடந்த ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அவர் ஆடினார். பிராகாவில் ரூபின்ஸ்டைனையும் ஃபுளோரையும் தோற்கடித்தார். 1933ஆம் ஆண்டின் இறுதியில் சர் உமர் ஊர் திரும்பினார். அவரோடு சுல்தான் கானும் திரும்பினார். உலக அரங்கில் அவருடைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. திறமை வற்றிப்போகவில்லை, அழைத்து வந்தவரின் பயணம் முடிந்துவிட்டது. தன் பயணச்சீட்டு தன் கையில் இல்லாதவனின் வெற்றி எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அதே வீட்டிலிருந்து வந்த பாத்திமா என்ற இளம்பெண் 1933இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் பட்டத்தை வென்றார் என்பதையும், அவர் பெயர் அதற்குப் பின் ஆட்ட அரங்கில் கேட்கப்படவில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுல்தான் கான் சர்கோதாப் பகுதியில் தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து 1966இல் மறைந்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்பிக்கவில்லை என்றும், வாழ்வில் இதைவிடப் பயனுள்ள எதையாவது செய்யுங்கள் என்று கூறினார் என்றும் ஒரு செய்தி உண்டு. 1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முறையாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது, ஆட்டத்தை விட்டு நெடுநாளான ரூபின்ஸ்டைன் பெயர் அதில் இருந்தது. அவரை வென்ற சுல்தான் கான் பெயர் இல்லை. 2024இல், இறந்து 58 ஆண்டுகள் கழிந்த பின், அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளிக்கப்பட்டது.

அவரைப் பற்றிய கதையும் ஒரு போர்க்களமே. 1933இல் சர் உமரின் லண்டன் வீட்டு விருந்துக்குச் சென்ற தம் அணியினருக்குச் சாம்பியன் சுல்தான் கானே உணவு பரிமாறினார் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் எழுதினார். படிப்பறியாத வேலைக்காரன் மேதையானான் என்ற கதை அதிலிருந்து உலகெங்கும் பரவியது. அவருடைய குடும்பத்தாரோ இதை மறுத்திருக்கிறார்கள். அவர் எழுத்தறிவற்றவருமல்லர், ஏவலாளருமல்லர் என்பது அவர்கள் வாதம். இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஐரோப்பிய நூல்களில் இந்த மனிதரைப் பற்றிப் பிறர் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். அவருடைய குரல் அங்கே மிக அரிதாகவே ஒலிக்கிறது. ஒடுக்கப்பட்டவன்மீது இரக்கம் கொள்பவனும் அவன் வாயை அடைத்துவிட்டு அவனுக்காகப் பேசத் தொடங்கினால், அந்த இரக்கமும் ஒருவகை உடைமையே ஆகும். தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதும் நாமும் இந்த எச்சரிக்கையை நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள்.

இனி, சுல்தான் கானின் ஐந்தாம் நகர்வுக்குத் தம் பெயரைத் தந்த பெத்ரோசியனைப் பார்ப்போம். அவர் அரண்மனையில் பிறந்தவரல்லர். திபிலிசி நகரில் வாழ்ந்த ஆர்மீனிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, வயிற்றுப்பாட்டுக்காகத் தெருக்கூட்டியவர். கையில் துடைப்பம் பிடித்த அந்தச் சிறுவனுக்கும் மிதா திவானாச் சிறுவனுக்கும் இயற்கை அளித்த அறிவில் வேற்றுமை கண்டறிய எந்தத் தராசும் இல்லை. வேற்றுமை வேறிடத்தில் இருந்தது. திபிலிசியில் இளம் பயனியர்களின் மாளிகை என்றொரு பொதுக் கட்டடம் இருந்தது. அங்கே பலகை இருந்தது, நூல் இருந்தது, சம்பளம் பெற்றுக் கற்பிக்கும் ஆசிரியர் இருந்தார். தெருக்கூட்டிய பையன் மாலையில் அங்கே போய் உட்கார முடிந்தது. அந்த அரசு சதுரங்கத்தைத் தன் பெருமைக்கும் பிரசாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டது என்பது உண்மை. அதன் கொடுமைகளை மறைப்பதற்கு இந்த மாளிகை ஒரு சாட்டாகவும் ஆகாது. எனினும் ஒரு பையனுக்குப் புரவலரின் தயவு கிடைத்தது, மற்றப் பையனுக்குப் பொது நிறுவனம் கிடைத்தது என்ற வேற்றுமை வேற்றுமையே. தயவு கப்பலேறிப் போய்விடும். நிறுவனம் ஊரில் நிற்கும்.

தமிழகத்திலிருந்தே ஒரு சான்று தரலாம். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரன், 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை அமைத்தார். ஓர் அறையும் சில பலகைகளும் வெளிநாட்டு நூல்களுந்தான் அதன் சொத்து. சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்கே வந்து ஆடினான். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2024இல் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனது வரை இந்தச் சங்கிலி நீள்கிறது. இவர்கள் வறுமையில் வாடிய வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ஆனந்தின் தந்தை ரயில்வே அதிகாரி. குகேஷின் தந்தை மருத்துவர். அறை திறந்திருந்தாலும் அங்கே போய்ச் சேர ஓய்வுநேரமும் பேருந்துக் காசும் வேண்டும்.

இப்போது கொடகவெலையைச் சுற்றிய மலைகளைப் பார்ப்போம். இங்குள்ள தமிழ்ப் பிள்ளையின் தொடக்க ஆட்டம் எது? இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. 1970களிலேதான் அரசு அவற்றைப் படிப்படியாக ஏற்றது. ஒரு தலைமுறை முழுவதும் பலகைக்கு முன் அழைக்கப்படவேயில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய தாய்தந்தையரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் மூண்டபோது இம்மாவட்டத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் சட்டி பானையோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்தன. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருப்பவரின் பேரப்பிள்ளை, பெரட்டுக்குப் போகும் தாய் விடியுமுன் ஆக்கிவைத்த சோற்றை உண்டு, மலைப்பாதையில் நடந்து பாடசாலைக்கு வருகிறது. அந்தப் பிள்ளையிடம், "வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றே" என்று நாம் சொல்கிறோம்!

சொல்லப்படும் வாக்கியம் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. பாதி உண்மைக்கு முழு உண்மையின் உடையை அணிவிக்கும்போதுதான் அநீதிக்கு மரியாதை கிடைக்கிறது.

நண்பர் ஒருவர் இங்கே வேறொரு நியாயம் கூறக்கூடும். "சிப்பாயும் எட்டாம் வரிசையை அடைந்தால் ராணியாகலாம் அல்லவா? நம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது அப்படி உயரட்டுமே" என்பார். இந்த உவமை ஆசிரியர் மேடைகளில் அடிக்கடி கேட்கும் உவமை. அதைக் கூர்ந்து பாருங்கள். சிப்பாய்க்குக் கிடைக்கும் பரிசு எது? சிப்பாயாக இல்லாமற் போவது. எட்டுச் சிப்பாய்களில் ஒன்று ராணியாகும். அதற்காக மற்றவை வழியில் பலியிடப்படும். பலகையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் போடப்படும். புலமைப்பரிசில் பெற்ற ஒரு பிள்ளையின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டு, இடைவிலகிய 20 பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும் பாடசாலை இந்தச் சிப்பாய் நீதியைத்தான் பின்பற்றுகிறது. ஒருவர் உயர்வதை நாம் வெறுக்கவில்லை. ஒருவர் உயர்வதையே எல்லாருடைய விடுதலை என்று பெயரிட்டு வழங்குவதைத்தான் மறுக்கிறோம்.

மேலும், மனிதன் காயல்லன். காய்க்கு விருப்பம் இல்லை. அது தன்னைத் தள்ளும் கையைக் கேள்வி கேட்பதில்லை. 1749இல் வெளிவந்த தம் நூலில் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் சிப்பாய்களே ஆட்டத்தின் உயிர் என்று கண்டு சொன்னார். அது ஆடுபவனுக்குச் சொன்ன அறிவுரையே அன்றிச் சிப்பாய்களுக்குச் சொன்ன ஆறுதலன்று. ஆகவே தொழிலாளியைச் சிப்பாய்க்கு ஒப்பிடும் பேச்சை, எத்தனை பரிவோடு சொல்லப்பட்டாலும், நாம் விட்டுவிடுவது நல்லது. அவன் ஆடப்படுபவன் அல்லன். ஆட உரிமையுள்ளவன், பலகை மறுக்கப்பட்டவன்.

அப்படியானால் சதுரங்கத்திடமிருந்து நாம் கற்க ஒன்றுமில்லையா? உண்டு. வெள்ளைக் காய் முதலில் நகர்கிறது. அந்த ஒரு நகர்வு தரும் முன்னுரிமை சிறியதே. எனினும் அது உண்மையான நன்மை என்பதை ஆட்டக்காரர் உலகம் ஒப்புக்கொள்கிறது. திறமை இருந்தால் கருப்பிலும் வெல்லலாமே என்று சொல்லி அது வாளாவிருப்பதில்லை. இருவர் மோதும் போட்டியில் ஒரு நாள் வெள்ளை பிடித்தவன் மறுநாள் கருப்புப் பிடிக்க வேண்டும். பல சுற்றுப் போட்டிகளிலும் இயன்றவரை நிறங்கள் மாற்றித் தரப்படுகின்றன. இதை எவரும் சலுகை என்று ஏசுவதில்லை; தகுதிக்கு இழுக்கு என்று கூக்குரலிடுவதில்லை. இது இல்லாவிடில் போட்டியே போட்டியாகாது என்பது அனைவர்க்கும் தெரியும்.

ஒற்றை நகர்வின் முன்னுரிமைக்கே இத்தனை கவனம் செலுத்தும் மனித அறிவு, நான்கு தலைமுறையின் முன்னுரிமையைக் காணும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது? தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் ஒதுக்கு என்றாலும், தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியரை முதலில் இங்கே அனுப்பு என்றாலும், அது தர்மம் கேட்பதாகாது. நிறம் மாற்றித் தா என்று கேட்பதே ஆகும். எப்போதும் கருப்பையே கையில் கொடுத்துவிட்டு, தோற்றவனிடம் அறிவில்லை என்று குறித்துக்கொள்ளும் நடுவர் நடுவர் அல்லர்.

இந்தக் கோரிக்கை நிறைவேறும் வரை ஆசிரியர் கைகட்டி நிற்க வேண்டும் என்பதன்று. சதுரங்கம் கற்பிப்போம், மகிழ்வோடு கற்பிப்போம். ஆனால் மூளை ஒன்றே போதும் என்று சொல்லிக் கற்பிக்க வேண்டாம். பாடசாலை முடிந்த பின் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் ஓர் அறை, அதில் ஒரு விளக்கு, நாலைந்து பலகை, தமிழில் எழுதப்பட்ட தொடக்க ஆட்ட நூல் ஒன்று, மலையேறி வீடு திரும்பும் பெண்பிள்ளைக்குத் துணை என்று இத்தனையும் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கே தெரியச் சொல்வோம். பெற்றோர் கூட்டத்தில் சொல்வோம். வலயக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேட்போம். அறிவுக்குத் தேவையான பொருள்களின் பட்டியலைப் பிள்ளை அறிந்திருப்பதும் கல்வியின் பகுதியே. அதை அறியாத பிள்ளை தன் தோல்வியைத் தன் தலையெழுத்து என்று எண்ணும். அறிந்த பிள்ளை கேள்வி கேட்கும்.

ஹேஸ்டிங்ஸில் நடந்தது மேதைமையின் வெற்றி, அதில் ஐயமில்லை. அதை நாம் பெருமையோடு சொல்லிக் கொடுக்க வேண்டும். மகேஸ் சந்திர பானர்ஜியின் பெயரையும் பாத்திமாவின் பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த வெற்றியை மற்றவர்களின் மௌனத்துக்குச் சமாதானமாகக் கொள்ளாதிருப்பதே அந்த மனிதருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. ஒரு சுல்தான் கானை உலகம் தற்செயலாகக் கண்டது. காணாமற்போனவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டத்தாலும் பதக்கத்தாலும் கணக்கிட முடியாது. ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலையிலும் ஒரு பலகை விரிக்கப்பட்டு, அதன் முன் அமர ஒரு பிள்ளைக்கு நேரமும் உணவும் வெளிச்சமும் உறுதியாகும்போதுதான், விதி அனைவருக்கும் ஒன்று என்ற சொல் உண்மையாகத் தொடங்கும்.